தொழிலும் விஞ்ஞானமும்: ஒட்டாததை ஒட்டவைக்கும் தூதன்

"உடம்பிலே எண்ணெயைப் பூசிக்கொண்டு புரண்டாலும் ஒட்டுகிற மண்தான் ஒட்டும்" என்பது நம் நாட்டுப் பழமொழி. பிறருடைய ஆசைக்கு அளவு விதிக்க விரும்பும் பெரியவர்கள் இதை அடிக்கடி எடுத்துக் கையாளுவதுண்டு. அந்த உபதேசத்தை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, பழமொழியின் நேர்ப் பொருளையே எடுத்துக்கொண்டு பார்த்தால், அதற்குள் ஒரு பெரிய தொழில் சாஸ்திரம் அடங்கியிருப்பது தெரியவரும். ஒரு வஸ்துவின்மீது மற்றொரு வஸ்து ஏன் ஒட்டுகிறது? ஒட்டாததை ஒட்டும்படி செய்வதற்கு வழி உண்டா? இன்று ஒட்டியது, ஒரு மழைக்காலம் கழிந்த பிறகும் ஒட்டியே இருக்குமா? இந்த மூன்று கேள்விகளும் கேட்பதற்கு எளியவை. ஆனால் நாம் ஏறிச் செல்லும் வண்டிகளும் கையாளும் கருவிகளும் எத்தனை காலம் உழைக்கும் என்பது பெரும்பாலும் இவற்றின் விடையைப் பொறுத்தே இருக்கிறது.

இந்த விஷயத்தைப் பற்றிச் சிந்திப்பதற்கு ஓசூரைவிடப் பொருத்தமான ஊர் தமிழ் நாட்டில் கிடைப்பது அரிது. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி இந்த ஊருக்கு அருகேதான் இருக்கிறது. பெங்களூரிலிருந்து சுமார் 40 கிலோ மீட்டர் தூரத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்திருந்த சிற்றூர் இது. 1971-ல் தமிழ்நாடு அரசாங்கம் சிப்காட் என்னும் தொழில் வளர்ச்சி ஸ்தாபனத்தை ஏற்படுத்தியபின், இங்கே தொழிற்பேட்டை எழும்பியது. 1980-ல் டி.வி.எஸ். 50 என்னும் சிறு மோட்டார் வண்டி இந்த ஊரிலிருந்து வெளிவந்தது. அசோக் லேலண்டின் லாரித் தொழிற்சாலையும் அதே ஆண்டில் வந்தது. டைட்டன் கடிகாரங்களுக்கும் இதுதான் தாய்வீடு. 2004-ல் தர்மபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி ஜில்லாவாயிற்று. 2021-ல் மின்சார ஸ்கூட்டர்களின் யுகமும் இங்கே வந்து சேர்ந்தது. ஏதர் கம்பெனியின் தொழிற்சாலை ஓசூரிலும், ஓலா கம்பெனியின் தொழிற்சாலை போச்சம்பள்ளியிலும் வேலை தொடங்கின.

இத்தனை யந்திரசாலைகளும் செய்கிற காரியம் என்ன? ஒன்றோடொன்று எவ்வித உறவும் இல்லாத வஸ்துக்களைச் சேர்த்து ஒரே குடும்பமாக வாழச் செய்வதுதான். ஒரு லாரியையோ ஸ்கூட்டரையோ சற்று உற்றுப் பாருங்கள். எஃகின்மேல் வர்ணம், கண்ணாடியைச் சட்டத்தோடு பிடிக்கும் பசை, மின்சார அட்டையில் கண்ணாடி நூலும் பிசினும் செம்புத் தகடும், டயரிலே ரப்பரோடு மிக நுண்ணிய மணல்மாவு! இவற்றில் ஒரு பாதி மண்ணின் ஜாதி. மறு பாதி எண்ணெயின் ஜாதி. மண் ஜாதிக்குத் தண்ணீர் என்றால் பிரியம். எண்ணெய் ஜாதிக்கோ தண்ணீர் ஆகாது. இப்படிப்பட்ட இரண்டு பேரை இணைத்து வைப்பதற்குப் பசை மட்டும் போதாது. இருவர் பாஷையும் அறிந்த தூதன் ஒருவன் வேண்டும்.

அந்தத் தூதனுக்கு ரஸாயன சாஸ்திரிகள் வைத்திருக்கும் பெயர் சிலேன். அவனுடைய கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

கடுக்காயும் படிக்காரமும்

தூதனை அனுப்பி உறவை ஏற்படுத்தும் இந்த உபாயம் நமக்குப் புதிதல்ல. சோழமண்டலக் கரையின் சாயத் துணிகள் ஒரு காலத்தில் கடல் கடந்து சென்று ஐரோப்பியச் சீமாட்டிகளின் மனத்தைக் கவர்ந்தன. எத்தனை முறை வெளுத்தாலும் அவற்றின் சிவப்பு மங்கவில்லை என்பதே அவற்றின் பெருமை. சாயவேரின் சிவப்பைப் பருத்தி நூலில் நேரே ஏற்றினால் அது நிலைத்து நிற்காது. ஆகையால் நம் சாயக்காரர்கள் துணியை முதலில் கடுக்காய்ச் சாற்றில் தோய்த்தார்கள். பிறகு படிக்காரக் கரைசலைப் பூசினார்கள். அதன் பின்பே சாயத்தில் இட்டார்கள். படிக்காரத்திலுள்ள அலுமினியம் ஒரு பக்கத்தில் கடுக்காயின் துவர்ப்பேறிய நூலையும், மற்றொரு பக்கத்தில் சாயத்தையும் பிடித்துக்கொண்டது. படிக்காரத்துக்குத் தனக்கென்று ஒரு நிறமும் கிடையாது. ஆனால் அது இல்லாவிட்டால் சாயமும் இல்லை.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரையும் நம்மில் வயது முதிர்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரப் பொடியைத் தூவித் துணியால் தேய்த்துவிட்டுத்தான் அவர் ஈயத்தைத் தொடுவார். நவச்சாரம் பித்தளையின்மேல் படிந்திருக்கும் களிம்பை அகற்றுகிறது. அந்த வேலையைச் சோம்பேறித்தனமாகச் செய்தால், பூச்சு அன்றைக்கு என்னமோ பளபளவென்றுதான் இருக்கும். சில நாளில் உரிந்துவிடும்.

ஆக, இரண்டு உண்மைகளை நம் முன்னோர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். ஒட்டுவதற்கு முன் மேற்பரப்பைத் தயார் செய்ய வேண்டும் என்பது ஒன்று. இருவருக்கும் இடையே நிற்கும் மூன்றாவது வஸ்துவே உறவை நிலைநாட்டுகிறது என்பது மற்றொன்று. சிலேனின் சாஸ்திரம் முழுவதும் இந்த இரண்டு உண்மைகளின் விரிவுரைதான்.

தண்ணீர் என்னும் பகைவன்

சிலிகன் என்னும் மூலப்பொருளைப் பூமி தாராளமாகவே வைத்திருக்கிறது. பூமியின் மேலோட்டில் பிராண வாயுவுக்கு அடுத்தபடியாக அதிகம் இருப்பது அதுதான். எடையில் நூற்றுக்குச் சுமார் 28 பங்கு. மணல், கண்ணாடி, கிருஷ்ணகிரியின் கருங்கல் எல்லாம் அதன் பல அவதாரங்களே. இந்தச் சிலிகனைக் கரியோடு இணைத்துப் புதிய வஸ்துக்களை உண்டாக்க முடியுமா என்று இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரத்துப் பேராசிரியர் கிப்பிங் பல ஆண்டுகள் ஆராய்ச்சி நடத்தினார். 1937-ல் அவர் நிகழ்த்திய ஒரு பிரசங்கத்தில், இந்தத் துறையில் விரைவாகப் பெரிய பலன் எதுவும் விளையும் என்று தமக்கு நம்பிக்கை இல்லை என்ற கருத்தை வெளியிட்டார். பாவம், மூன்றே ஆண்டுகளில் அவருடைய வாக்குப் பொய்த்துவிட்டது! 1940-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த யூஜின் ரோகோ, செம்பின் உதவியால் சிலிகனோடு மெதைல் குளோரைடை நேரே சேர்க்கும் வழியைக் கண்டார். ஆராய்ச்சிக் கூடத்துக் குப்பியில் அடங்கியிருந்த சிலிகன் ரஸாயனம் அன்று முதல் தொழிற்சாலைக்குள் பிரவேசித்தது.

அதே சமயத்தில்தான் இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. விமானங்களில் ராடார் கருவியை மூடும் கூடுகளுக்கு உலோகம் உதவாது. ராடார் அலைகளை அது மறித்துவிடும். ஆகவே கண்ணாடியை நூலாக இழுத்து, அதைப் பிசினில் தோய்த்துக் கெட்டிப்படுத்தி, லேசானதும் வலுவுள்ளதுமான ஒரு புதிய சரக்கைச் செய்தார்கள். உலர்ந்த நிலையில் அதன் பலம் அற்புதமாக இருந்தது. ஈரத்திலே கிடந்தாலோ, அந்தப் பலத்தில் பெரும் பகுதி போய்விட்டது.

காரணம் என்ன? கண்ணாடியின் மேற்பரப்பு தண்ணீரை மிகவும் நேசிப்பது. நம் கண்ணுக்கு உலர்ந்து தோன்றும் கண்ணாடியின்மீதும் காற்றிலுள்ள ஈரம் மெல்லிய போர்வையாகப் படிந்திருக்கும். பிசின் அதன்மேல் ஏதோ ஒருவாறு உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அது உரிமையோடு வாங்கிய இடமல்ல, ஒண்டுக் குடித்தனந்தான். பிசினுக்குள்ளே மெள்ள மெள்ள ஊறிவரும் தண்ணீர், கண்ணாடியை அடைந்ததும், பிசினைக் கிளப்பிவிட்டுத் தான் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நூலும் பிசினும் தனித்தனியே பழுதில்லாமல்தான் இருக்கின்றன. அவை சந்திக்கும் இடம் மட்டும் பாழாகிவிடுகிறது.

1947-ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ரால்ஃப் விட் என்பவரும் அவருடைய சகாக்களும் கடற்படைக்காக நடத்திய பரிசோதனை இந்த முடிச்சை அவிழ்த்தது. அவர்கள் கண்ணாடி இழைகளின்மீது சிலிகன் சேர்ந்த இரண்டு விதமான மருந்துகளைப் பூசிப் பார்த்தார்கள். இரண்டுமே கண்ணாடியை நன்றாகப் பிடித்துக்கொள்ளக் கூடியவை. ஆனால் பிசினுடைய பக்கத்தை நோக்கி ஒன்று நீட்டிய கை எத்தைல் என்பது. அது பிசினோடு எவ்விதத்திலும் சேராது. மற்றொன்று நீட்டிய கையோ அல்லைல் என்பது. அது பிசின் இறுகும்போது தானும் அதனுடன் பிணைந்துகொள்ளும். அல்லைல் பூசிய பலகையின் பலம் மற்றதைப் போல் இரு மடங்கு இருந்தது. கண்ணாடியைப் பிடித்தால் மட்டும் போதாது, பிசினையும் பிடிக்க வேண்டும் என்று ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. இரு கைத் தூதன் அன்று தொழில் உலகத்தில் காலடி எடுத்துவைத்தான்.

சந்தையில் ஒரு துபாஷி

இனி, இந்தத் தூதனுடைய உருவத்தைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். ஓசூர்ச் சந்தையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும். ஒரே பாஷை மட்டும் தெரிந்த வியாபாரியும் வேறொரு பாஷை மட்டும் தெரிந்த குடியானவரும் பேரம் பேச வேண்டுமானால், இரண்டும் அறிந்த ஒருவர் நடுவில் நிற்க வேண்டும். அந்தத் துபாஷியின் வேலையைத்தான் சிலேன் மூலக்கூறு செய்கிறது.

மூலக்கூற்றின் நடுவில் ஒரு சிலிகன் அணு இருக்கிறது. அதற்கு நான்கு கைகள். மூன்று கைகள் கண்ணாடியின் பாஷையை அறிந்தவை. நான்காவது கை நீண்டது. கரி அணுக்களால் ஆனது. அதன் நுனியில் பிசினுடைய பாஷை அறிந்த ஒரு விரல் இருக்கும். எபாக்ஸிப் பிசினுக்கு அமினோ விரல். பாலியெஸ்டர் பிசினுக்கு மெதாக்ரில் விரல். ரப்பருக்குக் கந்தக விரல். எந்தப் பிசினுக்கு எந்த விரல் என்று தேர்ந்தெடுப்பதில்தான் ரஸாயனியின் சாமர்த்தியம் இருக்கிறது. தெலுங்கருக்கும் தமிழருக்கும் நடுவே கன்னடம் மட்டும் தெரிந்தவரை நிறுத்தினால் பேரம் நடக்குமா?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கண்ணாடியை நோக்கியிருக்கும் மூன்று கைகளும் முதலில் உறை போட்டிருக்கின்றன. அந்த உறையைக் கழற்றுவது வேறு யாருமல்ல, நம் பகைவனாகிய தண்ணீரேதான்! சிறிதளவு தண்ணீர் பட்டதும் உறைகள் சாராயமாகப் பிரிந்து போய்விடுகின்றன. உறை நீங்கிய கைகள் முதலில் கண்ணாடியின்மேல் லேசாகப் படிகின்றன. பிறகு சூடு காட்டி உலர்த்தும்போது, இடையில் உள்ள தண்ணீர் வெளியேறி, சிலிகனுக்கும் கண்ணாடிக்கும் இடையே பிராண வாயுவினால் ஆன உறுதியான பாலம் அமைகிறது. பகைவனைக் கொண்டே கோட்டை வாயிலைத் திறந்து, பிறகு அவனையே வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தும் தந்திரம் இது.

அந்தப் பாலமும் தண்ணீரால் ஒருநாள் உடையாதா என்று கேட்கலாம். உடையும். ஆனால் ஓரிடத்தில் உடைந்த பாலம், பக்கத்திலுள்ள கைகள் பிடியை விடாமல் இருப்பதால், மறுபடியும் அதே இடத்தில் கூடிக்கொள்ளுகிறது. இந்தத் துறையில் வாழ்நாளைச் செலவிட்ட எட்வின் புளூடெமன் என்னும் அமெரிக்க விஞ்ஞானி இவ்வாறுதான் விளக்கினார். உடைவதும் கூடுவதுமாக இருப்பதே இந்த உறவின் உறுதிக்குக் காரணம் என்பது அவர் கண்ட முடிவு. நமது குடும்பங்களில் நீடித்து நிற்கும் உறவுகளும் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவைதாமே?

ஸ்கூட்டரின் சக்கரத்தில்

மின்சார ஸ்கூட்டர் வாங்குகிறவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "ஒரு முறை மின்சாரம் ஏற்றினால் எத்தனை தூரம் ஓடும்?" என்பது. அதற்கு விடை பேட்டரியில் மட்டும் இல்லை, டயரிலும் இருக்கிறது.

டயர் உருளும்போது ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிருகிறது. அப்போது ஒரு பங்கு சக்தி வீணே சூடாகிப் போய்விடும். நீண்ட காலமாக டயர் ரப்பருக்குப் பலம் ஊட்டியது கரிப்புகை மாவு. அதற்குப் பதிலாக வெள்ளைச் சிலிகா மாவைச் சேர்த்தால் சூட்டு நஷ்டம் குறையும் என்பது தெரிந்ததே. ஆனால் சிலிகா தண்ணீர் ஜாதி. ரப்பர் எண்ணெய் ஜாதி. ரப்பருக்குள்ளே போட்ட சிலிகா தன் இனத்தோடேயே கூடிக் கட்டி கட்டியாகத் திரண்டு நின்றது.

1970-களில் ஜெர்மனியின் டெகுஸ்ஸா கம்பெனியார், இரண்டு முனையிலும் சிலிகனும் நடுவே கந்தகச் சங்கிலியும் கொண்ட ஒரு சிலேனைத் தொழிலுக்குக் கொண்டுவந்தார்கள். சிலிகன் முனைகள் சிலிகாவைப் பற்றும். கந்தகம் ரப்பரைப் பற்றும். 1992-ல் பிரான்ஸ் தேசத்து மிஷெலின் கம்பெனி இந்த முறையில் மோட்டார்க் கார் டயரைச் செய்து வெளியிட்டது. உருளும்போது ஏற்படும் தடை நூற்றுக்கு 20 முதல் 30 பங்குவரை குறைந்தது. அதைவிட ஆச்சரியம், ஈரச் சாலையில் பிடிப்புக் குறையவில்லை. அதற்கு முன்பெல்லாம் ஒன்றைப் பெற்றால் மற்றொன்றை இழக்க வேண்டும் என்பதே விதியாக இருந்தது.

இந்த டயர்க் கலவையில் சிலிகாவின் எடையில் நூற்றுக்குச் சுமார் 8 பங்குதான் சிலேன். கலக்கும்போது சூடு 140 முதல் 160 டிகிரி சென்டிகிரேடுக்குள் நிற்க வேண்டும். குறைந்தால் சிலேன் சிலிகாவைப் பற்றாது. மிஞ்சினால் கந்தகம் அவிழ்ந்து, ரப்பர் அச்சில் ஏறுவதற்கு முன்பே இறுகிவிடும். மழை நாளில் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் திடீரென்று பிரேக் போடும் ஒருவரின் உயிர், அவர் ஒருபோதும் கண்டிராத ஒரு தொழிலாளி அந்த இருபது டிகிரிக்குள் சூட்டைக் காத்ததைப் பொறுத்திருக்கிறது.

மின்சார அட்டையின் கதையும் இதுவே. கண்ணாடித் துணியும் எபாக்ஸிப் பிசினும் சேர்ந்த அட்டையின்மேல்தான் செம்புக் கோடுகள் ஓடுகின்றன. நூலுக்கும் பிசினுக்கும் இடையே பிடிப்புத் தளர்ந்தால், அந்த நுண்ணிய இடுக்கில் ஈரம் புகும். மின்சார அழுத்தம் இருக்கும்போது, அந்த ஈரத்தின் வழியே செம்பு இழையாக ஊர்ந்து சென்று, சேரக்கூடாத இரண்டு கோடுகளைச் சேர்த்துவிடும். வெளியே பார்த்தால் அட்டை புதிதுபோலவே இருக்கும். கருவி மாத்திரம் இயங்காது. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பல்லடத்திலும் சுழலும் காற்றாலைகளின் நீண்ட இறக்கைகளும் கண்ணாடி இழையும் பிசினுமே. தமிழ் நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட காற்று மின்சாரம், மயிரிழையினும் மெல்லிய அந்த இழைகளின்மேல் பூசப்பட்ட பூச்சை நம்பிச் சுழலுகிறது.

தூதனால் ஆகாத காரியம்

எல்லா வியாதிக்கும் ஒரே மருந்து என்று சொல்லுகிறவரை நம்பக்கூடாது. சிலேனுக்கும் எல்லை உண்டு. கண்ணாடி, குவார்ட்ஸ், அலுமினியம், எஃகு ஆகியவற்றை அது நன்றாகப் பற்றும். சலவைக்கல்லையும் சுண்ணாம்புக்கல்லையும் அவ்வளவாகப் பற்றாது. அவற்றின் மேற்பரப்பில் அதற்குரிய பிடிமானம் கிடையாது. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கருங்கல்லில் குவார்ட்ஸ் இருப்பதால் சிலேன் அங்கே செல்லும். சலவைக்கல் தரைக்கு அதே மருந்தை விற்பவரிடம் சற்று ஜாக்கிரதையாக இருப்பது நலம்.

கல்லின்மேலும் பாலங்களின் கான்கிரீட்டின்மேலும் தண்ணீர் ஏறாமலிருக்கப் பூசும் சிலேன் வேறு வகையைச் சேர்ந்தது. அதன் நான்காவது கையில் விரலே கிடையாது. அது யாரையும் பற்றாது. கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளியே வெறும் எண்ணெய்த் தன்மையை மட்டும் காட்டுகிறது. மழைத்துளி முத்துப்போல் உருண்டு ஓடிவிடும். ஆனால் அந்தப் பூச்சின்மேல் வேறொன்றை ஒட்ட முயன்றால் ஒட்டாது. ஒரே குடும்பத்தில் ஒருவன் சேர்த்து வைக்கிறவன், மற்றொருவன் விலக்கி வைக்கிறவன். இன்ன காரியத்துக்கு இன்னான் என்று அறிந்து வாங்க வேண்டும்.

அளவிலும் கவனம் வேண்டும். கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் பூசுவதற்கு, நூற்றுக்கு அரைப் பங்கு முதல் இரண்டு பங்கு வரையுள்ள கரைசல் போதும். பூச்சு தடித்துவிட்டால் அந்தப் பூச்சே நடுவில் பிளந்து போகும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இங்கே அக்ஷரம் தவறாமல் உண்மை. தண்ணீரில் கலந்த கரைசலை வெகுநேரம் வைத்திருக்கவும் கூடாது. பல சிலேன்கள் சில மணி நேரத்துக்குள் தம்மில் தாமே கைகோத்துக்கொண்டு பயனற்றுப் போய்விடும். நேற்றுக் கலக்கியதை இன்றைக்கும் பூசினால், பூசினோம் என்ற திருப்தி மட்டுமே மிஞ்சும்.

கண்ணுக்குத் தெரியாத நேர்மை

இந்தக் கட்டுரையின் முக்கியமான விஷயத்துக்கு இப்போது வந்துவிட்டோம். சிலேன் பூசிய கண்ணாடிக்கும் பூசாத கண்ணாடிக்கும் பார்வையில் வித்தியாசம் கிடையாது. பூசி ஒட்டிய இணைப்பும் பூசாமல் ஒட்டிய இணைப்பும் அன்றைக்கே இழுத்துப் பார்த்தால், சில சமயம் ஒரே பலத்தைக் காட்டும். வித்தியாசம் தெரிவது தண்ணீரில் நனைந்து, வெயிலில் காய்ந்து, மறுபடியும் நனைந்த பிறகுதான். அதற்குள் சரக்கு விற்றாகிவிட்டது, பணமும் கைமாறிவிட்டது.

ஆகையால் இந்த ஒரு படியை விட்டுவிடுவதற்குச் சபலம் அதிகம். பெரிய தொழிற்சாலைக்கு உதிரிப் பாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைக்காரர் விலையைக் குறைக்கும்படி நெருக்கப்படும்போது, எதைக் குறைப்பார்? கண்ணுக்குத் தெரிகிற எஃகைக் குறைக்க முடியாது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கும் நேரத்தையும், பூச்சு உலரும் நேரத்தையும் குறைக்கலாம். அன்றைக்கு யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். இதைப் பட்டறைக்காரரின் குற்றம் என்று மட்டும் சொல்லிவிடுவது நியாயமாகாது. விலையை மட்டும் பார்த்துச் சரக்கு எடுக்கிறவருக்கும் அந்தக் குற்றத்தில் பங்கு உண்டு.

இதைச் சோதிப்பதற்கு உபாயம் இல்லாமல் இல்லை. மாதிரித் துண்டுகளைக் கொதிக்கும் தண்ணீரில் குறித்த நேரம் போட்டு எடுத்து, உலர்ந்த துண்டுகளின் பலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மாதக் கணக்கில் மழை செய்யும் வேலையில் ஒரு பகுதியைக் கொதிநீர் சில மணி நேரத்தில் செய்து காட்டிவிடும். இதற்குப் பெரிய ஆராய்ச்சிக்கூடம் வேண்டியதில்லை; அடுப்பும் தண்ணீரும் இழுத்துப் பார்க்கும் கருவியும் போதும். உலர்ந்த பலத்தை மட்டும் எழுதிக் கொடுக்கும் சீட்டை ஏற்றுக்கொள்ளாமல், நனைந்த பிறகு எவ்வளவு என்று வாங்குகிறவர்கள் கேட்கத் தொடங்கினால், பட்டறைகளின் பழக்கமும் தானே மாறும்.

தொழிலாளர்களின் க்ஷேமத்தையும் இங்கே மறக்கக்கூடாது. உறையாகிய சாராயம் பிரிந்து போகும் என்று சொன்னேன் அல்லவா? சில சிலேன்களில் அது எத்தனால், சிலவற்றில் மெத்தனால். விஷச் சாராயத்தில் கண்ணையும் உயிரையும் போக்குவது இந்த மெத்தனால்தான். காற்றோட்டம் இல்லாத அறையில், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலையைச் செய்யச் சொல்லுவது அநியாயம். எத்தனால் வகை உதவும் இடத்தில் அதையே வாங்குவதும், ஜன்னலைத் திறந்து வைப்பதும் பெரிய செலவல்ல.

மேட்டூர் வழி

கடைசியாக ஒரு யோசனை. இந்தத் தூதனை நாம் எத்தனை காலம் விலை கொடுத்து வரவழைத்துக்கொண்டே இருப்பது? மணலும் குவார்ட்ஸும் நம் நாட்டில் ஏராளம். ஆனால் மணலிலிருந்து சிலிகனைப் பிரிப்பதற்கு உக்கிரமான மின்சார உலை வேண்டும். ஒரு டன் சிலிகனுக்குச் சுமார் 11,000 முதல் 13,000 யூனிட் மின்சாரம் செலவாகும். மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் தேசங்கள் முந்திக்கொண்டன. நம் தேசத்துக்கு வேண்டிய சிலிகனில் பெரும் பகுதி வெளியிலிருந்தே வருகிறது.

இருந்தாலும் நமக்கு இந்த வித்தை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கிருஷ்ணகிரிக்குத் தெற்கே, காவிரிக் கரையில் உள்ள மேட்டூரில் 1936-ல் ரஸாயனத் தொழில் ஆரம்பமாயிற்று. 1980-களில் அதே மேட்டூரில், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஆராய்ச்சியை ஆதாரமாகக் கொண்டு, மெட்கெம் சிலிகன் என்னும் ஸ்தாபனம் டிரைகுளோரோசிலேன் என்ற திரவத்திலிருந்து மின்னணுக் கருவிகளுக்கு வேண்டிய சுத்தச் சிலிகனைத் தயாரித்தது. டயருக்கும் கண்ணாடி இழைக்கும் உதவும் பல சிலேன்களுக்கு மூலத் திரவம் அந்த டிரைகுளோரோசிலேனே. அதாவது, தூதனுடைய பிறந்த வீடு மேட்டூரில் ஒரு சமயம் கட்டி முடிக்கப்பட்டிருந்தது. ஆராய்ச்சிக்குப் பெங்களூர், திரவத்துக்கு மேட்டூர், வேலைக்கு ஓசூர்: மூன்றும் ஒரே பகற்பொழுதில் போய்வரக் கூடிய ஊர்கள். இவற்றை ஒன்று சேர்த்து வைக்கத்தான் ஒருவர் வேண்டியிருக்கிறது.

அந்த ஒருவர் அரசாங்கமாக இருக்கலாம், தொழிலதிபராக இருக்கலாம். ரஸாயனம் படித்துவிட்டு உத்தியோகம் தேடி அலையும் நம் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவராகவும் இருக்கலாம். அதுவரையில் நாம் செய்யக்கூடியது சிறிய காரியம். வண்டியோ, மின்சாரக் கருவியோ, வீட்டுக்குக் கல்லோ வாங்கும்போது, "இன்றைக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "இரண்டு மழைக்குப் பிறகு எப்படி இருக்கும்?" என்றும் கடைக்காரரைக் கேட்டு வைப்போம். பதில் சொல்லத் தெரியாவிட்டால், அவர் தமக்குச் சரக்குக் கொடுத்தவரைக் கேட்பார். அவர் பட்டறைக்காரரைக் கேட்பார். அந்தக் கேள்வி போய்ச் சேர வேண்டிய இடம் பட்டறைதான்.